ஃபர்ஸ்ட் போடாத செலக்டர்

ஆம்பூரில் பிறந்து, ஆம்பூர் பிரியாணிக்கே ‘செகண்ட்’ கொடுத்துவிட்டு, அதே ஊரில் இன்றும் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் எங்கள் தெரு செலக்டர்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் அதைப் பார்த்தவர்கள் உண்டு என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. தோல் கம்பெனியில் பதப்படுத்தி முடித்த தோல்களை மேஜைமேல் விரித்து, தடவி, திருப்பிப் போட்டு, குறை கண்டுபிடித்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று தரம் பிரிப்பவரை செலக்டர் என்பார்கள். எங்கள் பக்கத்தில் செலக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவர்கள் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு சாதாரண மனிதர்களாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இவர் செலக்டராகவே வந்துவிடுவார்.

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். குறை எப்போதும் உள்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். ஆகவே தோசையைத் திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் ஒன்றும் இல்லாததைக் கண்டு, “கறை இல்ல. செகண்ட்” என்பார். பிரியாணிக் கடையில் ஒருநாள் கறித்துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் ‘செகண்ட்’ என்றபோது, பிரியாணி மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

“யோவ் செலக்டரு! என் தேக்சா பிரியாணில இதுவரிக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல!”

“அட இன்னா மாஸ்டர், கோச்சிக்கிற? எதிர்க்கடைக்கு நான் ஃபோர்த்துதான் போட்டேன்.”

மாஸ்டருக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கத்திரிக்காய் வைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போன குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது. மாப்பிள்ளை வந்து நின்று கும்பிட்டதும், சபை நடுவே, “முதுகைக் கொஞ்சம் காட்டுப்பா” என்று கேட்டிருக்கிறார். பையனும் பயத்தில் திரும்பி நின்றிருக்கிறான். “தேர்டு. ஆனா ஃபினிஷிங்ல சரி பண்ணிக்கலாம், முடிச்சிடுங்க” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாராம். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மட்டும் இன்றுவரை செலக்டரைக் கண்டால் சுவரோரமாக முதுகை மறைத்துக்கொண்டுதான் போகிறார்.

என் கதை அதைவிட மோசம். நான் பிறந்த பத்தாம் நாள் பார்க்க வந்தவர், தொட்டிலிலிருந்து என்னைத் தூக்கி, குப்புறத் திருப்பி, முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “செகண்ட்” என்று சொல்லித் திரும்பத் தொட்டிலில் போட்டாராம். அப்போது அவர் மேஜைக்குப் புதிதாக வந்த இளைஞர். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் என் அம்மாவுக்கு இருபத்து நான்கு வருஷமாக அந்தக் காயம் ஆறவில்லை. “தலைச்சம்புள்ளைய பாத்து சொல்ற வார்த்தையா அது?” என்று இப்போதும் ஆரம்பிப்பாள்.

இதில் விசேஷம் என்னவென்றால், கம்பெனி மேஜையில் அவர் தினமும் ஃபர்ஸ்ட் போடுகிறவர்தான். வெளியே வந்தால் அந்த வார்த்தை மட்டும் வாயில் வராது. மழைக்கு, மாம்பழத்துக்கு, பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பெண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் அதிகபட்சம் செகண்ட். அவர் மனைவிக்கு மட்டும் எந்த கிரேடும் போட்டதில்லை. அந்த அளவுக்கு விவரம் உள்ளவர்.

இப்படிப்பட்டவரோடு நான் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்ப வேண்டி வந்தது, ஒரு ஜெர்மன் ஆசிரியையால்.

என் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா தோல் கம்பெனியில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். நான் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே, அங்கே வந்துபோகும் ஜெர்மன்காரர்கள் பேசுவது புரியவேண்டும் என்ற வெறியில் அந்த மொழியைப் படித்து, பரீட்சை எழுதி, உதவித்தொகை வாங்கி, ஜெர்மனிக்கே மொழி படிக்கப் போனவன். எழுத்துத் தேர்வில் எனக்குக் குறை வந்ததில்லை. வாய்மொழித் தேர்வில்தான் வந்தது. பத்து நிமிஷப் பேச்சை வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நான்காவது வரியில் ஆசிரியை குறுக்கே ஒரு சின்னக் கேள்வி கேட்டார். அவ்வளவுதான், மீதி வரிகள் எல்லாம் மாயம். நான் “நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியை இரக்கப்பட்டு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போ. உன் ஊர்ப் பக்கம் ஒரு சுற்றுலா போய் வா. மூன்று படங்களைக் காட்டி, தாளைப் பார்க்காமல், பத்து நிமிஷம் பேசு. பேசிவிட்டால் அடுத்த செமஸ்டர். பேசாவிட்டால் சீட்டும் இல்லை, உதவித்தொகையும் இல்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரவேண்டியதுதான்.

ஊருக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, என் ஊர்ப் பக்கத்தில் நான் எதையும் பார்த்ததே இல்லை. வேலூர்க் கோட்டையை பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். ஏலகிரி ஒரு மலை என்ற அளவில் தெரியும். அப்பாவுக்கு லீவு இல்லை. வண்டி இருந்தது செலக்டரிடம். அவரே வாசலில் வந்து நின்றார்.

“டேய் ஜெர்மன்காரா, ஊரைப் பாக்கணுமாமே? பாக்கறதுக்குன்னே பொறந்தவன் பக்கத்து வூட்லயே கீறேன். என்னைக் கேக்காம இன்னா?”

அம்மா என்னை உள்ளே இழுத்தாள். “இந்த ஆளோடயா போற? உருப்பட்டாப்லதான்!”

“ஒரே ஒரு கண்டிஷன்” என்றார் செலக்டர் வெளியிலிருந்து. “நாலு மணிக்கு மேல நான் எதையும் பாக்கமாட்டேன்.”

அதுவும் தொழில் பழக்கம்தான். தரம் பிரிக்க டியூப் லைட் ஆகாது, பகல் வெளிச்சம் வேண்டும். அதிலும் நாலு மணிக்கு மேல் வெயில் மஞ்சளடித்துவிடும், குறை கண்ணில் படாது. அதற்குமேல் பார்த்தது கணக்கில் வராது. கம்பெனிக்கு இருந்த இந்தச் சட்டத்தை அவர் உலகத்துக்கே பொதுவாக்கி வைத்திருந்தார். சாயங்காலக் கல்யாண வரவேற்புகளுக்குப் போவார், சாப்பிடுவார். பொண்ணு மாப்பிள்ளையைப் பற்றி மறுநாள் காலைதான் கருத்து சொல்வார்.

முதல் நாள் வேலூர்க் கோட்டை. நான் நோட்டில் அகழியின் ஆழத்திலிருந்து மதில் கல் வரை கேட்கவேண்டிய கேள்விகளை எழுதி, பக்கத்திலேயே ஜெர்மனில் வார்த்தைகளும் குறித்து வைத்திருந்தேன். அகழியைப் படம் எடுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கோட்டைக்குள் இருக்கும் கோயில் வாசலில், ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிடும் இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் யாரோ ஒரு பெண்ணின் செருப்பு. தலைகீழாக.

“யோவ்! என் செருப்பை இன்னாய்யா பண்ற?”

“அம்மா, இது லெதர்னா சொன்னாங்க? லெதர் இல்லம்மா. ரெக்சின்.”

அந்த அம்மா மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் நின்ற தன் கணவரைப் பார்த்தாள். “கல்யாண நாளுக்கு ஒரிஜினல் லெதர்னு சொல்லி இவருதான் வாங்கிக் குடுத்தாரு.”

கணவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. செலக்டரும் பார்த்தார். செருப்பை இன்னொரு தடவை திருப்பி, தையலை நகத்தால் நெருடி, அவசரமாகச் சொன்னார்: “ஆனா தையல் பாரும்மா, தையல்! தேடித் தேடி எடுத்திருக்காரு மனுஷன். லெதரே இவ்ளோ நாள் உழைக்காது. செகண்ட் போடலாம்.”

அதோடு விட்டிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு செருப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். வெளியூரிலிருந்து கோட்டை பார்க்க வந்தவர்கள் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செலக்டரைப் பார்த்தார்கள். நான் எடுத்த கோட்டைப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் அவர் யாருடைய செருப்பையோ தலைகீழாகப் பிடித்தபடி இருக்கிறார்.

அங்கிருந்து அமிர்திக் காட்டு மிருகப் பூங்கா. அருவியில் தண்ணீர் நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது. “பங்குனியில இதுக்கு மேல எதிர்பாக்கக்கூடாது. ஃபிஃப்த்து” என்று சொல்லிவிட்டு மான்கள் இருந்த வேலிப் பக்கம் போனார். நான் நோட்டும் கையுமாகப் பின்னால் போனேன். வேலியின்மேல் கையை ஊன்றி மான்களைப் பார்த்தார். வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

“அந்தக் கடைசி மானைப் பாரு. தோள்பட்டையில கீறல். முதுகு பரவால்ல. வயித்துப் பக்கம் லூசு. புள்ளி ஃபினிஷிங்ல நிக்காது. தேர்டு.”

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். காக்கி உடையில் வனக்காவலர்.

“எந்த ஊரு நீங்க?”

“ஆம்பூரு சார்.”

“இன்னா வேலை?”

“தோல் கம்பெனி சார்.”

உலகத்தில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு நேர்மையாக, இவ்வளவு தப்பான நேரத்தில், யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். காவலர் என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினார். அதில் என்ன இருந்தது என்கிறீர்கள்? மான்களின் எண்ணிக்கை. படம் எடுக்க வசதியாக வேலி எங்கே தாழ்வாக இருக்கிறது என்று ஒரு கோட்டுப்படம். கீழே முழுக்க முழுக்க ஜெர்மன்.

“இது இன்னா பாஷை?”

“ஜெர்மன் சார்” என்றேன். “நான் அங்கேதான் இருக்கிறேன். அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன்.” பதற்றத்தில் எனக்கு எழுத்துத் தமிழ்தான் வரும்.

“ஓ! வெளிநாடு வரைக்கும் ஆளு வச்சிக்கீறீங்களா?” என்று காவலர் விசிலைக் கையில் எடுத்தார்.

எனக்குக் கண்முன் தேர்வும் சீட்டும் உதவித்தொகையும் அந்த நூல் அருவியில் இறங்கிப் போவது தெரிந்தது. செலக்டருக்கு அந்தக் கவலையே இல்லை. அவர் கவலை வேறு.

“சார், நீங்க சந்தேகப்படறது தப்பு சார். அந்தத் தோலை எவன் சார் தொடுவான்? கீறல் சார்! கம்பி வேலியில மாட்னது. புதுசும் இல்ல, ஆறி ஒரு வருஷம் ஆவும்.”

காவலர் விசிலை இறக்கினார். “உனக்கு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? அதான் எழுதியிருக்குதே தோள்ல.”

 போன வருஷம் ஒரு கொல்லையின் கம்பி வேலியில் சிக்கிக் கிடந்த அந்த மானை, கம்பியை அறுத்து விடுவித்துத் தோளில் சுமந்து வந்தவர் அந்தக் காவலர்தானாம். மருந்து வைத்ததும் அவர்தானாம். அதற்கப்புறம் எங்களை விசாரிப்பதை விட்டுவிட்டு அந்தக் கதையை முழுதாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, கூச்சத்தோடு செலக்டரிடம் மெதுவாகக் கேட்டார்:

“மத்தபடி... நல்லாதானே கீது அது?”

செலக்டர் எழுந்துபோய் மானை மறுபடி ஒரு தடவை பார்த்தார். “காயம் ஆறின விதம் சுத்தமா கீது சார். கை பட்டு வளந்தது தெரியுது. தேர்டுன்னது என் தப்பு. செகண்ட் போட்டுக்குங்க.”

காவலர் எங்களை ஸ்கூட்டர் வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் ஏலகிரி. தப்பு என்னுடையது. மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் படம் எடுத்தேன். மேலே போய்ப் பள்ளத்தாக்கு தெரியும் இடத்தை அடைந்தபோது செலக்டர் கேட்டார்.

“மணி இன்னா?”

“நாலே கால்.”

“போச்சு.”

“அண்ணா, சூரியன் இறங்கறதைப் பாக்கத்தான் எல்லாரும் இங்க வர்றாங்க!”

“பேஜார் புடிச்ச வெளிச்சம்டா இது. இதுல எதப் பாத்தாலும் நல்லாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் இருந்த அத்தனை பேரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர் மட்டும் கீழே, தூரத்தில் சென்னை போகும் பெரிய ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்டேன்.

“இன்னாண்ணா தெரியுது அங்க?”

“கன்டெய்னர் போவுது. முந்தாநாள் என் கையால ஃபர்ஸ்ட் போட்ட தோலு அதுல கீதோ இன்னாவோ.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “ஃபர்ஸ்ட் போட்டா சாயங்காலத்துக்குள்ள ஏத்திடுவானுங்க. ஹார்பரு, கப்பலு, போயே போச்சு. அப்பால கண்ணால பாக்க முடியாது. செகண்டுதான் ஊர்ல நிக்கும். செருப்பா, பெல்ட்டா, எங்கனாவது எதிர்ல வரும்.”

நான் இதைத் தொழில் தகவல் என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். துறைமுகத்துக்கு ஜெர்மனில் என்ன வார்த்தை என்றும் பக்கத்தில் குறித்துவைத்தேன்.

கிளம்பும் நாளில் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என் சூட்கேசைப் படுக்கவைத்து, திருப்பி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, “செகண்ட். ஜாக்கிரதையா போய்ட்டு வா” என்றார். ‘போய்ட்டு வா’ என்பதில் ‘வா’ கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. அம்மா அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

தேர்வு நாள். இந்தத் தடவையும் பத்து நிமிஷப் பேச்சைப் பழையபடியே வரி வரியாக மனப்பாடம் செய்திருந்தேன். எனக்கு வேறு வழி தெரியாது. வகுப்பின் முன்னால் நின்று கோட்டைப் படத்தைத் திரையில் போட்டேன். மதில், அகழி, கல். மூன்றாவது வரி முடியவில்லை, ஆசிரியை கையைத் தூக்கினார்.

“அந்த மூலையில் ஒருவர் செருப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர் யார்?”

பழையபடி எல்லா வரியும் மாயம். வாயைத் திறந்தேன், ‘நன்றி’ நுனிநாக்குக்கு வந்துவிட்டது. ஆனால் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அவரைப் பார்க்காமல் எனக்கு ஊரில் ஒருநாளும் விடிந்ததில்லை.

“அவர் எங்கள் தெருக்காரர்” என்றேன். “பிரியாணிக்கு செகண்ட் கொடுத்தவர்.”

அப்புறம் நான் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் முதுகு, ரெக்சின் செருப்பு, காவலரின் மான், முதுகுக்குப் பின்னால் இறங்கிய சூரியன். இலக்கணம் எங்கெங்கோ இடித்தது, வினைச்சொல் வர மறுத்த இடங்களில் கையால் புரட்டிக் காட்டினேன். மானைப் பற்றிச் சொல்லும்போது பின்பெஞ்சில் ஒருவன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. கடைசியில் ஆசிரியை தன் ஒரு ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இதற்கு அவர் என்ன கொடுப்பார்?”

என் கை தானாக அதைத் திருப்பிவிட்டது. தையலை நகத்தால் நெருடியும் பார்த்துவிட்டேன். “செகண்ட்” என்றேன்.

 ஆசிரியை சிரித்துவிட்டு, தன் தாளில் எனக்கும் இரண்டு என்று எழுதினார். அங்கே ஒன்று என்றால் உச்சம். இரண்டு என்றால் நல்ல தேர்ச்சி. சீட்டு நின்றது, உதவித்தொகை நின்றது.

வெளியே வந்து முதலில் அம்மாவுக்குப் போன் போட்டேன். அடுத்து செலக்டருக்கு. எடுத்தது அவர் மனைவி.

“தம்பி, நீயா? காலையில இருந்து வேலைக்கும் போவாம, போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு கீறாரு. இந்தா, பேசு.”

“டேய்! இன்னா ஆச்சு? இன்னா போட்டாங்க?”

எனக்குச் சீண்டிப் பார்க்கத் தோன்றியது. “அண்ணா, அங்க மணி நாலரை. இப்ப சொன்னா கணக்குல வராதே?”

“அத உட்றா! இன்னா போட்டாங்க, சொல்லு!”

“பாஸ்ண்ணா. ரெண்டு போட்டாங்க.”

“ரெண்டுன்னா?”

“ஒன்னுதான் பெருசு. அதுக்கு அடுத்தது. செகண்ட்.”

 மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு.

“அப்பாடா! நான் அன்னைக்கே சொன்னேன், உங்கம்மா நம்பலையே! நல்ல வேளைடா. ஃபர்ஸ்ட் போட்டிருந்தாங்கன்னா உன்னை அங்கயே வச்சிக்கினு இருப்பாங்க.”

அடுத்த செமஸ்டரில் இதேபோலப் பேசினால் ‘ஒன்று’ கிடைப்பது நிச்சயம் என்கிறார் ஆசிரியை. நானும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன். செலக்டரிடம் மட்டும் அதை இன்னும் சொல்லவில்லை.